நூல் கட்டிய கணக்கு

மருமகள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது தன் கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு. இரண்டு மண்டபம் பார்த்து வைத்திருந்தார்கள், எதை எடுப்பது என்று பேச்சு வந்தது. வரப்போகும் மாமனார் அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர். அந்த இடத்தில் மட்டும் கையை உயர்த்தி, "இருங்க. நூல்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணுக்குத் திக்கென்றது. ஏதோ ஏட்டைப் புரட்டி நல்லது கெட்டது பார்க்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறோம், இனி வெங்காயம் வாங்கவும் பக்கம் புரட்ட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்த நூல் தன் காலாலேயே நடந்து வந்தது. கழுத்தில் அளவு டேப்பு, சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசி. மாப்பிள்ளையின் தங்கை, தையல்காரி; வீட்டில் கூப்பிடும் பேர்தான் நூல். கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க வந்தவள், பெண்ணின் தோளை அளந்துகொண்டே பெண்ணின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பக்கமும் எங்க பக்கமும் சேர்த்து எத்தனை பேர் வருவாங்க மாமா?"

"நூத்தி எழுபது. எழுதியே வச்சிருக்கேன்."

"சித்தப்பா பிள்ளைங்களைச் சேர்த்தா?"

அவர் விரலை மடக்கினார். பத்து விரலும் போதவில்லை. "அட, ஆமா" என்றார்.

பெரிய மண்டபத்துக்கு வாடகை முப்பதாயிரம், சாப்பாடு தலைக்கு நூறு. சின்ன மண்டபத்துக்கு வாடகை பத்தாயிரம்தான், ஆனால் தலைக்கு இருநூறு. இருநூறு பேர் வந்தால் இரண்டிலும் ஐம்பதாயிரம், சரிக்குச் சரி. ஒருவர் கூடினாலும் பெரிய மண்டபம் லாபம், ஒருவர் குறைந்தாலும் சின்னது லாபம். "நூத்தி எழுபதுன்னு சொல்ற வீட்டுக் கல்யாணத்துக்கு இருநூத்தி முப்பது பேர் வருவாங்க மாமா. பெரிசையே எடுங்க" என்று சொல்லிவிட்டு, பெண்ணின் காதருகே குனிந்து, "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க அண்ணி, அப்புறம் கல்யாணத்தன்னைக்குச் சாப்பிட முடியாது" என்றாள். அந்த ஒரு பேச்சில் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

வீட்டின் முன்னறைதான் நூலின் தையல் கடை. தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே இயந்திரம், நடுவில் வெட்டு மேஜை, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு, ஊசி இறங்குகிற மாதிரி ஒரு மெத்துப் பலகை. பலகையின் மேல் அங்குலக் கட்டம் போட்ட காகிதம். உடுப்பு மாதிரி வரைவதற்கென்று வாங்கிய காகிதம்தான். ஆனால் அதில் உடுப்பு வரைந்ததைவிட மற்றவர் செலவை வரைந்ததுதான் அதிகம்.

அவள் செய்வது இதுதான். எந்தப் பொருளுக்கும் இரண்டு செலவு உண்டு. வாங்குகிற அன்றைக்கு ஒன்று, அப்புறம் உபயோகிக்க உபயோகிக்க ஒன்று. வாங்குகிற விலை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் இடது ஓரத்தில் ஒரு குண்டூசி குத்துவாள். உபயோகச் செலவு எவ்வளவு வேகமாக ஏறுமோ, அதற்குத் தக்கபடி வலது ஓரத்தில் இன்னொரு ஊசி. இடமிருந்து வலம் போகப் போக உபயோகம் கூடுகிறது என்று கணக்கு. இரண்டுக்கும் நடுவே விறைப்பாக ஒரு நூல். அடுத்த பொருளுக்கு வேறு நிறத்தில் இன்னொரு நூல். இரண்டு நூலும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அந்த இடத்தைக் காட்டி, "இதுக்கு இந்தப் பக்கம்னா இது, அந்தப் பக்கம்னா அது. நீங்க எந்தப் பக்கம்?" என்பாள். அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் அவளுடைய தங்கையால் வந்தது. தங்கை பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், வீட்டுப்பாடத்துக்கு இரண்டு கோடு போடும்போதெல்லாம் ஸ்கேல் நழுவி அழுவாள். அப்போது ஒரு தையல்காரரிடம் பட்டன் கட்டிக்கொண்டிருந்த நூல், "அழாதடி, கோடு நழுவினா நூல் நழுவுமா?" என்று ஊசியும் நூலுமாக வந்தாள். தங்கை பின்னால் கணக்கு டீச்சரே ஆகிவிட்டாள். "அக்கா, இதுக்கு நேர்கோட்டுச் சமன்பாடுன்னு பேரு" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பாள். "இருக்கட்டும், பேர் வச்சவங்க நல்லா இருக்கட்டும்" என்று அக்கா ஊசியைக் குத்திக்கொண்டே இருப்பாள்.

மின்விசிறி, தண்ணீர் மோட்டார், பள்ளிக்கூடப் பேருந்துச் சீட்டு, பெரியத்தை வீட்டு ஃபிரிட்ஜ், மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி மகனுக்கு வாடகை வீடா சொந்த வீடா என்பது வரைக்கும் எல்லாமே அந்தப் பலகையில் ஏறி இறங்கின. ஒரு தடவை தூரத்துச் சொந்தத்துப் பெண் ஒருத்தி இரண்டு மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்து, "அக்கா, நூல் கட்டிச் சொல்லுங்க" என்று நின்றாள். "போடி! முதல் செலவு தெரியும், தினச் செலவு எவளுக்குத் தெரியும்?" என்று துரத்திவிட்டாள் நூல்.

அவளிடம் ஒரு குணம். எங்கே வெட்டுகிறதோ அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அண்ணன் ஆசை ஆசையாகப் பார்த்து வைத்த மோட்டார் சைக்கிளை, "நீ வாரம் ரெண்டு நாள்தான் ஓட்டுவே, உனக்கு பஸ்தான் லாபம்" என்று ஒரே வெட்டாக வெட்டினாள். அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாவது நாள் அவனே வந்து, "ஒரு தண்ணிப் பம்பு விஷயம், கொஞ்சம் நூல் கட்டேன்" என்றான். வேறு எங்கே போவான்? பம்பு மெக்கானிக் அவன்.

இப்படிப்பட்ட நூலுக்கு வாய் கட்டிப்போன காலம் ஒன்று வந்தது. அது மாமனாரின் வண்டியால் வந்தது.

மாமனார் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். எழுபத்தாறு வயதில் இரண்டு முழங்காலும் சொல்லிவைத்தாற்போல் மக்கர் பண்ணின. நண்பர்கள் எல்லாம் டிப்போவுக்கு எதிரே உள்ள வாசகசாலையில் கூடுவார்கள். மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் பேருந்துப் படியேற முடியவில்லை. ஒரு வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருக்கோடியில் திரும்பும் பேருந்துகளைக் காதால் கேட்டே திட்டிக்கொண்டிருந்தார். "மூணாவது கியர்ல வரவேண்டிய இடத்துல நாலுல வர்றான் பாரு. வண்டி கதறுது."

மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கலாம் என்று மகன்தான் கடைக்குக் கூட்டிப்போனான். இரண்டு வண்டி இருந்தன. ஒன்று பெட்ரோல் வண்டி, பழசு, விலை நாற்பதாயிரம். மாமனார் ஏறி உட்கார்ந்து, "ரிவர்ஸ் எங்கப்பா?" என்றார்.

"இதுல கிடையாது பெரியவரே. இறங்கிப் பின்னால தள்ளிக்க வேண்டியதுதான்."

"முழங்கால் இல்லாதவனுக்கு வண்டி விக்கிறே, இறங்கித் தள்ளச் சொல்றே. நல்லா இரு."

இன்னொன்று பேட்டரி வண்டி, புதுசு, எண்பத்தெட்டாயிரம். ஒரு பொத்தானை அழுத்தினால் சத்தமில்லாமல் பின்னால் போனது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் ஒரே திருப்பில் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார். கடைக்காரனே கை தட்டிவிட்டான். "நான் பொறந்தப்போகூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டார்" என்று மகன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாமனார் கறாராகிவிட்டார். "ஆசை வேற, லாபம் வேற. என் சேமிப்புக் காசு, வீணாப் போகக் கூடாது. நூலு, நீ கட்டிப் பாரு. ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர்னு வச்சுக்கோ. நூல் பழசுன்னு சொன்னா பழசு. அப்பீலே கிடையாது."

அன்று மாலை மருமகள் காப்பியோடு முன்னறைக்குப் போனபோது, நூல் பலகையின் முன்னால் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தாயிரம் என்று வைத்து, பெட்ரோல் வண்டிக்குச் சிவப்பு நூல் நாலாவது அங்குலத்தில் தொடங்கி விறுவிறுவென்று ஏறியது. பெட்ரோல், எண்ணெய், ரிப்பேர் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். பேட்டரி வண்டிக்கு நீல நூல் ஒன்பதாவது அங்குலத்துக்குச் சற்றே கீழே தொடங்கிச் சாவகாசமாக ஏறியது. பேட்டரி மாற்றச் சேர்த்து வைக்க வேண்டியதையும் கூட்டிக் கிலோமீட்டருக்கு ஒன்று.

"எங்க வெட்டுது?"

"இருபத்துநாலாயிரம் கிலோமீட்டர்ல."

"ஒரு நாளைக்கு ஆறுன்னா..." வருஷத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். மருமகள் மனசுக்குள் வகுத்துக்கொண்டே போனாள். பதினோரு வருஷம் என்று வந்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்படி அண்ணி சொல்லுவேன்? 'நீங்க எண்பத்தேழு வரைக்கும் இருக்கிறதா இருந்தா புதுசு வாங்குங்க, இல்லேன்னா பழசு போதும்'னு என் வாயால சொல்லணுமா?"

"கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சொல்லிடேன்."

"நூல் பொய் சொன்னா அப்புறம் இந்த வீட்டுல யார் எதை நம்பி வாங்குவா? பழசுன்னு சொல்லவும் மனசு வரலே. அதை ஓட்டி ஒரு தடவை பின்னால தள்ள இறங்கினார்னா, அப்புறம் ஜன்னலை விட்டு எழுந்திரிக்கவே மாட்டார்."

லைனிங் துணி ஒன்றை எடுத்துப் பலகையை மூடினாள். உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "என்னம்மா ஆச்சு?"

"குண்டூசி தீர்ந்துபோச்சுப்பா. நாளைக்கு."

"தையல் கடையில குண்டூசி தீர்ந்துடுச்சா? கடல்ல தண்ணி தீர்ந்துடுச்சுன்னு சொல்லு."

மறுநாள் நூல் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் மருமகள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வீட்டிலேயே கேக் சுட்டு மூன்று கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். பெரிய அடுப்பு வாங்கவென்று பதினைந்தாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். அடுப்பு எங்கே ஓடிப்போகிறது? அந்தப் பணத்தைக் கடைக்காரனிடம் காதும் காதும் வைத்தாற்போல் கொடுத்துவிட்டு, விலையைக் குறைத்துச் சொல்லச் சொன்னால் போதும். துணியைத் தூக்கினாள். நீல நூலின் இரண்டு முனையையும் ஒன்றரை அங்குலம் கீழே இறக்கினாள். ஒரு முனையை மட்டும் இறக்கினால் நூல் சாய்ந்துவிடும் என்பது அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட யாருக்கும் தெரியும். இப்போது எண்பத்துநாலு வயதுக்குள்ளேயே வெட்டியது. எண்பத்துநாலை வாய்விட்டுச் சொல்லலாம், தப்பில்லை என்று தோன்றியது. துணியைப் போட்டு மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல் மாவு சலிக்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, மாமனார் சுவரைப் பிடித்துப் பிடித்து முன்னறைக்குப் போனார். "இன்னைக்கும் குண்டூசி வரலேன்னா நானே போய் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே துணியைச் சுருட்டி இழுத்தார். எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மாமனார் பலகையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூலு, புது வண்டி பழைய வண்டியைவிட மலிவாம்மா? கடைக்காரன் நமக்கு எந்த வழியில சொந்தம்?"

நீல நூல் சிவப்பு நூலுக்குக் கீழே தொடங்கி, கீழேயே போய், கீழேயே முடிந்தது. இரண்டும் எங்கேயும் சந்திக்கவே இல்லை.

"நான் கட்டினது இது இல்லப்பா" என்றாள் நூல். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மருமகள் மின்விசிறியைப் பார்த்தாள். அவள் கணவனும் அதே மின்விசிறியைப் பார்த்தான். டீச்சர் தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்தாள்.

நூல் கழுத்து டேப்பை உருவினாள். காகிதத்தில் ஊசி குத்திய ஓட்டைகள் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தன. முதல் ஓட்டையிலிருந்து இரண்டாவதற்கு அளந்தாள்.

"ஒன்றரை இன்ச். பதினஞ்சாயிரம். யாரு?"

மருமகள் கையைத் தூக்கினாள். "அடுப்புக் காசு. அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்னு..."

"அடுத்தது ரெண்டு இன்ச்."

"நான்தான்" என்றான் மெக்கானிக். மனைவி திரும்பி, "உங்ககிட்ட இருபதாயிரம் இருக்கா? எங்கே வச்சிருந்தீங்க?" என்றாள்.

"அந்தப் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம் அண்ணி. அதுக்கும் கீழே இன்னொரு ஒன்றரை. டீச்சரம்மா?"

"நடுவுல எங்க வெட்டுதுன்னு பார்க்கவே இல்லக்கா. நீ வந்துடுவியோன்னு பயத்துல துணியை ரெண்டு ஓரத்துல மட்டும் தூக்கி இறக்கிட்டேன்."

"உன் கிளாஸ்ல ஒரு பிள்ளை இப்படிப் பண்ணா?"

"முட்டைதான் போடுவேன்."

மாமனார் சிரித்த சிரிப்பில் இயந்திரத்து மேலிருந்த நூல்கண்டு உருண்டு விழுந்தது. ஆளுக்கு ஆள் தெரியாமல் இறக்கி இறக்கி, புது வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் கேட்டார், "சரி, எதுக்கு இந்தத் திருட்டு எல்லாம்? நிஜமா எங்க வெட்டுது?"

நூல் நீல நூலைக் கழற்றி, மேலே முதல் ஓட்டையிலேயே பழையபடி குத்தினாள்.

"இருபத்துநாலாயிரத்துல அப்பா. ஆறு கிலோமீட்டர்னா பதினோரு வருஷம்."

அவர் மோவாயைத் தடவினார். "எண்பத்தேழா? ம்..." அந்த வெட்டுப்புள்ளியில் விரலை வைத்தார். "அதுக்குத்தான் குண்டூசி தீர்ந்துபோச்சா?"

நூலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பைத்தியமே. ஆறுன்னு யாரு சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"அது ஜன்னல்ல உக்கார்ந்தவன் சொன்னது. வண்டி விலை கடைக்காரன் கையில. பெட்ரோல் விலை எவன் கையிலயோ. கிலோமீட்டர் என் கையிலதானே இருக்கு! அதைப் போய் ஏன் ஆறுல நிறுத்தணும்?"

அத்தனை வருஷமாக, வந்தவரிடமெல்லாம் "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டவளுக்கு, ஒருவர் பக்கம் மாறி நடக்கலாம் என்பது தோன்றியதே இல்லை. "உக்கார்ந்திருந்த ஆளை அப்படியே அளவெடுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாரும் காசை எடுத்து உள்ள வைங்க" என்றார் மாமனார். "எனக்குக் காசு வேண்டாம். கிலோமீட்டர் கொடுங்க."

பிறகு அந்த முன்னறை ஏலக்கடை ஆகிவிட்டது. கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அல்லாடிய மருமகள், "மூணு கடைக்கும் கேக் கொண்டுபோனா பத்து, மாமா" என்றாள். மெக்கானிக் பம்பு உதிரிச் சாமான் எடுத்து வர எட்டு என்றான். டீச்சர் தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஏழு கொடுத்தாள். நூல், பட்டனும் லைனிங்கும் வாங்க அஞ்சு. வாசகசாலை ஆறு அவருடைய சொந்தம். கூட்டினால் ஒரு நாளைக்கு முப்பத்தாறு. ஞாயிறு விடுமுறை போக, இருபத்துநாலாயிரத்தைத் தொட இரண்டு வருஷமும் ஒன்றிரண்டு மாதமும்.

"எழுபத்தெட்டு" என்றார் மாமனார். "அது எனக்குத் தோதான வயசு. நூலு, இப்போ நூல் என்ன சொல்லுது?"

"புதுசு" என்றாள் நூல், முகத்துக்கு நேரே.

வண்டி வந்த நாளிலிருந்து தெருவே கதி கலங்கியது. முன்னால் போக வேண்டிய இடத்துக்கும் மாமனார் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்க் காட்டினார். பேருந்து ஓட்டிய புத்தி போகுமா? நேரமென்றால் நேரம். கேக் பெட்டியோடு மருமகள் வாசலுக்கு வர ஒரு நிமிஷம் தாமதமானால் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவள் மாவுக் கையோடு தெருவில் ஓடுவாள். கடைக்காரர்கள் மட்டும், "உங்க கேக் வர்றதைப் பார்த்துத்தான் கடிகாரம் வைக்கிறோம்" என்று ஆர்டரைக் கூட்டினார்கள். அடுத்த வருஷம் வாங்குவதாக இருந்த அடுப்பு அந்த வருஷமே வந்தது. மெக்கானிக்கின் இருபதாயிரமும் அதில்தான் சேர்ந்தது, வேறு வழியில்லாமல்.

ஒரே ஒரு சண்டை வந்தது. மாமனார் வேண்டுமென்றே ஏரிக்கரை வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று நூல் கண்டுபிடித்துவிட்டாள்.

"வேலையில்லாம ஓட்டற கிலோமீட்டர் கணக்குல சேராதுப்பா. அது கள்ளாட்டம்."

"சந்தோஷத்துக்கு ஓட்டினா?"

நூல் வாயில் இருந்த ஊசிகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "அது சேரும்" என்றாள்.

அப்படிச் சேர்ந்ததால் இரண்டு வருஷம் முடிவதற்கு முன்பே ஒரு காலையில் ஜன்னலுக்கு வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். மீட்டரில் இருபத்துமூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. "ஏறு" என்றார் மாமனார். நூல் வெட்டிக்கொண்டிருந்த துணியும் கையுமாகப் பின் இருக்கையில் ஏறினாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார்கள். வாசலுக்கு வருவதற்குள் எண் மாறிவிட்டது. அப்பாவும் மகளும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்துக் கை கொடுக்க வந்தார். மருமகள் அவருக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை. சொன்னால் புரியாது.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. மாமனார் இன்னும் தினமும் காலை ஏழரைக்குக் கிளம்புகிறார். நூல் இப்போது டிப்போவுக்குப் பின்பக்கத் தெருவில் தனியாகக் கடை எடுத்து, மூன்று இயந்திரம் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.